ஏழாவது கதவில் ஒரு மூச்சு

சூனியக்கார ராணிக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஃபோன் இன்னும் முழுசாக இருப்பதே பெரிய விஷயம்.

நான் டப்பிங் பேசுகிறவள். வேற்று மொழிப் படத்தில் யாரோ ஒருத்தி வாயை அசைப்பாள், தமிழில் நான் பேசுவேன். இருபத்தினாலு வருடத்துக்கு முன்னால் ‘ஏழு சாவி இளவரசி’ கார்ட்டூன் படமாக வந்தபோது அந்த இளவரசிக்குக் குரல் கொடுத்தது நான்தான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். என் முகம் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் நான் வாயைத் திறந்து "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னால் போதும், முப்பது வயது ஆள் ஒருத்தர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு சுகத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக டிவி தொடர்களில் மாமியார்களுக்குப் பேசிக் காலத்தை ஓட்டினேன்.

இப்போது அதே கதையை நிஜ மனிதர்களை வைத்து மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் பேச வைக்கும் பொறுப்பு எங்கள் டப்பிங் டைரக்டருக்கு வந்தது. அவரை நாங்கள் ‘அரை செகண்டு’ என்போம். உயிரைக் கொடுத்துப் பேசிவிட்டு நிமிர்ந்தால், பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அரை செகண்டு லேட்டு" என்பார். பாராட்டு, வசவு எல்லாமே அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான்.

"அக்கா, ராணிக்கு உங்க குரல் பிரமாதமா இருக்கும்," என்றார் ஃபோனில்.

"எந்த ராணி?"

"சூனியக்கார ராணி."

"அப்ப இளவரசி?"

இருமினார். "அதுக்கு நாலு பேர வெச்சு டெஸ்ட் எடுத்தோம். கடைசியில நம்ம பொண்ணு மட்டும்தான் நிக்கறா. உங்ககிட்ட சொல்லலையா?"

நம்ம பொண்ணு என்று அவர் சொன்னது என் மகளை. சொல்லவில்லை. ஒரே குளியலறைக்கு மூன்று பேர் வரிசையில் நிற்கிற வீட்டில் இருந்துகொண்டு, என் வேஷத்துக்கே டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவேன்னுதான்."

"நான் எதுக்குத் தூக்கி வெச்சுக்கணும்?"

"இப்ப எங்க இருக்கு உன் மூஞ்சி? போய் கண்ணாடில பாரு."

மூன்று வருடமாக அவளும் இதே தொழிலில்தான் இருக்கிறாள். கூட்டத்தில் கத்துகிற நாலு பேரில் ஒருத்தி, கதாநாயகியின் தோழிக்குத் தோழி, சோப்பு விளம்பரத்தில் ஒரு சிரிப்பு என்று துண்டு துண்டாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. முழுப் படத்தில் முதல் வேஷம் இதுதான். பெற்றவளாக எனக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. வயிறு எரிந்தது. இதை மழுப்பி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தோம். பழைய கார்ட்டூனை டிவியில் போட்டாள். பக்கத்தில் ஸ்டூல் மேல் அவளுடைய லேப்டாப்பில் புதுப் படம். திருட்டுப் போகாமலிருக்க படத்தின் நடுவில் பெரிய எழுத்தில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். ஒரு காட்சி இதில், அதே காட்சி அதில் என்று நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்.

முதல் அரை மணி நேரத்திலேயே நான் தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

"அதுல அவ அழுதா கண்ணு ரெண்டும் தட்டு மாதிரி விரியும். இவ அழறாளா, தும்மப் போறாளான்னே தெரியல."

"நிஜமா அழறவங்க அப்படித்தாம்மா இருப்பாங்க. யாராவது தட்டு மாதிரி கண்ண விரிச்சுட்டு அழுவாங்களா?"

"நான் அழுவேன்."

"அது இந்த பில்டிங்குக்கே தெரியும்," என்றார் கணவர்.

இளவரசிக்குத் துணையாக ஒரு முள்ளெலி வரும். கார்ட்டூனில் அது பந்து மாதிரி உருண்டு வந்து வாயாடும். புதுப் படத்தில் நிஜ முள்ளெலி, நிஜ முள், நிஜ ஈர மூக்கு. பேசும்போது உதடு மட்டும் லேசாக ஆடுகிறது. பார்க்கவே பாவமாக இருந்தது, யாராவது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் தேவலை என்று தோன்றியது. இதற்கு மட்டும் மகளும் சிரித்துவிட்டாள்.

ராணி விஷயத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கார்ட்டூனில் ராணி எங்கிருந்தோ வந்தவள். நீள நகம், பச்சை முகம், கடைசியில் கிணற்றில் விழுந்து ஒழிவாள், தியேட்டரே கைதட்டும். புதுப் படத்தில் அவளுக்கு இருபது நிமிடம் சின்ன வயதுக் கதை வைத்திருக்கிறார்கள். போதாததற்கு அவள்தான் இளவரசியைப் பெற்ற தாயாம். எதற்கோ பயந்து ஏழு கதவையும் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாளாம்.

"பெத்த தாயையே சூனியக்காரி ஆக்கிட்டானுங்களே! கை விளங்குமா இவனுங்களுக்கு?"

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்றாள் மகள். "பழசுல ராணி ஏன் பூட்டினான்னு யாருமே கேக்கல."

"சூனியக்காரிம்மா அவ. பூட்டாம திறந்தா போட்டு வெப்பா?"

கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

இப்போது அந்த மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு கதவுகளைத் திறந்து, விழுந்து எழுந்து, இளவரசி ஏழாவது கதவுக்கு முன்னால் வந்து நிற்பாள். சாவி உடைந்திருக்கும். கதவில் கையை வைத்து "கதவத் திற" என்பாள். அவ்வளவுதான் வசனம். ஆனால் தமிழில் மட்டும், ‘கதவ’ முடிந்ததும் ஒரு மூச்சு சட்டென்று உள்ளே இழுக்கும். யாரோ எதிர்பாராத நேரத்தில் தொட்டது மாதிரி. அதற்குப் பிறகு சின்னதாக, ஆச்சரியமாக, ‘திற’ என்று வரும். மூலப் படத்தில் அது கிடையாது. அந்த ஒரு மூச்சில்தான் சனங்கள் விழுந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் கதவுக்கு முன்னால் நின்று அதைச் செய்து பார்த்தார்கள். அதே மாதிரி ஒருத்தருக்கும் வந்ததில்லை. இன்றைக்கும் ஃபோனில் அந்தத் துண்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

படத்தை வெளியிடுகிற கம்பெனி அதைத்தான் கேட்டது. ‘புது இளவரசிக்கும் அந்த மூச்சு வேண்டும். விளம்பரமே அதை வைத்துத்தான். உங்கள் பெண் குரல் நன்றாக இருக்கிறது, மூச்சு வரவில்லை. ஒரு வாரம் பார்க்கிறோம்.’

அன்று முதல் என் மகள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். "கதவ, ஹக், திற." வெளியே சட்டையும் துண்டுமாக அவள் அப்பா நிற்பார். "கதவத் திறடிம்மா, எனக்கு டைம் ஆச்சு," என்பார். அதற்குக்கூட அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க ஓடி வந்து, மைக்குக்குப் பதில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். ஓடி வந்தவளின் இரைப்புதான் வந்தது. அது வரவில்லை.

மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அம்மா, அது எப்படிம்மா பண்ணே?"

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை நான் பண்ணவே இல்லை.

அப்போது எனக்கு ஆறாவது மாதம். ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ‘மூச்சு வாங்கும், நிக்க முடியாது’ என்று வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். என் கணவரின் சட்டையைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு போய் நின்றேன். அந்தக் காலத்தில் இப்போது மாதிரி ஆளுக்குத் தனித் தனியாகப் பதிவு கிடையாது. ஒரே மைக், அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஒருத்தர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. ஒன்பது தடவை போய்விட்டது. பத்தாவது தடவை ‘கதவ’ என்றேன். உள்ளே இருந்து விட்டாள் ஒரு உதை. அதற்கு முன்னால் ஏதோ மீன் புரண்ட மாதிரி இருந்ததுதான், அப்படி ஓங்கி உதைத்தது அன்றுதான். மூச்சு அடைத்துப்போய் ‘திற’ எப்படி வெளியே வந்ததென்று எனக்கே தெரியாது. பழைய டைரக்டர் எழுந்து வந்து, "எப்படிம்மா தோணிச்சு?" என்றார். வயிற்றைக் காட்ட முடியுமா? "கேரக்டர் களைச்சுப் போயிருக்கால்ல சார், அதான்," என்றேன்.

பிறகு விழாவில் கேட்டார்கள், பேட்டியில் கேட்டார்கள். ‘ரெண்டு நாள் யோசிச்சு வெச்சேன்’ என்றேன். வருடம் போகப் போக அது ‘ஒரு வாரம் தூங்கல’ என்று ஆயிற்று. ஒருகட்டத்தில் நானே நம்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்ன ஒரே ஆள் என் கணவர்தான்.

எப்படிப் பண்ணினாய் என்று கேட்டுக்கொண்டு என் மகள் நிற்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘அது நடிப்பு இல்லடி, யாராலயும் திருப்பிச் செய்ய முடியாது, அத விட்டுட்டு உன் போக்குல பேசு.’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அடிவயித்துல இருந்து வரணும்," என்றேன்.

கணவர் சாப்பாட்டு மேசையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி அடுப்பைத் துடைத்தேன். அவள் போன பிறகு, "சொல்லிடு," என்றார்.

"என்னத்த?"

"உனக்கே தெரியும். இளச்சுப் போயிட்டா பாரு."

"நான் மட்டும் பிறக்கும்போதே கத்துக்கிட்டு வந்தேனா? தானா வரட்டும்," என்று எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். பேசியிருந்தால் சண்டை போட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை அரை செகண்டு ஃபோன் பண்ணினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பொண்ணுக்கு வரலைன்னா பழைய மேடமையே கேளுங்கங்கறாங்க. நடிகை குரல் கொஞ்சம் கனம்தான், உங்களுக்கு ஒட்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு அவளுக்குக் கடைசி டெஸ்ட். நீங்க பதினொன்றரைக்கு வந்துடறீங்களா?"

ஐம்பதை நெருங்குகிறேன். என்னை மறுபடியும் இளவரசிக்குக் கேட்கிறார்கள். தலைகால் புரியவில்லை. வரேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் ராணிக்கு டெஸ்ட் என்று புளுகினேன். இரண்டு நாளும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவள் உள்ளே மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டால் பால்கனிக்குப் போனேன். பால்கனியிலும் கேட்டது.

சனிக்கிழமை ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது பதினொன்றே முக்கால். அவள் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் தாமதமாகப் போனேன். பதிவு அறைக்குள் போய், கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். இன்ஜினியருக்குப் பின்னால் சோபாவில் என் மகள், கையில் டீ கப்போடு.

"அம்மா டெஸ்ட்ட பாத்துட்டுப் போறேன்னா," என்றார் அரை செகண்டு மைக்கில். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

திரையில் படம் ஓடியது. ராணி வரவில்லை. ஏழாவது கதவு, அதன் முன்னால் அந்தப் புது நடிகை. என் மகள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டீ கப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, என் சொத்தை நான் எடுத்துக் காட்டாமல் யார் காட்டுவது என்று ஒரு வீம்பு.

"கதவ, ஹக், திற."

"ம். இன்னொண்ணு."

"கதவ, ஹக், திற."

ஆறு தடவை. அரை செகண்டு தலையைச் சொறிந்தார். "அக்கா, டைமிங் பக்கா. ஆனா..." அவர் வாயிலிருந்து டைமிங் சரி என்று நான் கேட்டது அதுவே முதல் தடவை. "ஒண்ணு பண்றேன், கேளுங்க," என்று பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டினார். பழசு. புதுசு. பழசு. புதுசு.

பழையதில் ஒருத்தி நிஜமாகவே திடுக்கிட்டாள். அவளுக்கு அடுத்த வார்த்தை என்னவென்று அந்த நொடியில் தெரியாது. புதியதில் ஒரு கிழவி விக்கினாள். வேறு எப்படிச் சொல்வது? விக்கல்தான் அது.

இன்னொன்றும் தெரிந்தது. கார்ட்டூனில் வாய் என்பது ஒரு ஓட்டை. திறக்கும், மூடும், நடுவில் நாம் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இங்கே நிஜமான உதடு. ‘கதவ’ முடிந்ததும் அந்த நடிகை உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். மூச்சே விடவில்லை. அங்கே மூச்சைப் போட்டால் அது எங்கே போய் உட்காரும்? இத்தனை வருட அனுபவத்தில் இது எனக்கு முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

சோபாவில் என் மகள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடுகள் தாமாகவே அந்த மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்கே வரவில்லையே என்று எனக்காக முயன்று பார்க்கிறாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க தம்பி," என்றேன். "அது நடிப்பு இல்ல."

"என்னக்கா?"

"அன்னைக்கு எனக்கு ஆறு மாசம். பேசும்போது வயித்துக்குள்ள உதை விழுந்துச்சு. மூச்சு நின்னுடுச்சு. அவ்வளவுதான். நான் ஒண்ணும் யோசிச்சு வெக்கல. உதைச்சவ அதோ உங்க பின்னாடி உக்காந்திருக்கா. அவளப் போய் திருப்பிப் பண்ணச் சொல்லி உயிர வாங்கறீங்க. நானும் வாய மூடிட்டு வேடிக்க பாத்தேன்."

இன்ஜினியர் நாற்காலியோடு திரும்பினார். என் மகள் எழுந்து நின்றாள். ஏதோ சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது. ஆனால் உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடிப்பதுதானே என் பிழைப்பு. "ஒரு வாரம்மா," என்றாள். "ஒரு வாரம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரை செகண்டு நல்ல மனுஷர். அன்றைக்கே கம்பெனிக்காரர்களை உட்கார வைத்து, நடிகையின் மூடிய உதட்டைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். "படத்துல இருக்கறவ அங்க மூச்சே விடல. நாமதான் பழசப் பிடிச்சுத் தொங்கறோம்," என்று சொல்லியிருக்கிறார். மூச்சு இல்லாமல், சும்மா, தாழ்ந்த குரலில் என் மகள் பேசிய "கதவத் திற"யைப் போட்டுக் காட்டியிருக்கிறார். முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். இளவரசி அவள்தான். இதெல்லாம் என் கணவர் மூலமாக எனக்கு வந்த செய்தி.

ஏனென்றால் அவள் என்னோடு பேசவில்லை. வாரக் கணக்கில். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எங்களுக்குப் பழக்கம். கத்தவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், போனாள். "லைட் பில் வந்திருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா." "தலைக்கு எண்ணெய் வேணுமான்னு உங்க பொண்ணக் கேளுங்க." இரண்டடி தூரத்துக்கு அவர் தபால்காரர் வேலை பார்த்தார். ஒரு நாள் அவருக்கே ஆத்திரம் வந்து, "லென்ஸு தேச்சதுக்கப்புறம் எனக்கு இது வேறயா?" என்று கேட்டுவிட்டு, தானே போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க நான் எத்தனை தடவை அவள் அறை வாசல் வரை போனேன் என்று எனக்கே தெரியாது. கதவு சாத்தியிருக்கும். தட்டக் கை வராது. ஏதோ துணி எடுக்க வந்தவள் மாதிரி திரும்பிவிடுவேன்.

ராணி வேஷத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பதிவில் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளவே வேண்டாம். அவள் காலையில் வந்து பேசிவிட்டுப் போவாள், நான் சாயங்காலம் வந்து அதற்குப் பதில் பேசுவேன். அவள் வசனங்கள் மொத்தமும் முடிந்த பிறகுதான் என் முறை வந்தது.

ஏழாவது கதவுக் காட்சி. ராணி கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மகள். ஹெட்போனை மாட்டினேன். படம் ஓடியது.

"கதவத் திற."

என் காதுக்குள், மிகப் பக்கத்தில், அவள் குரல். நாலு வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசுகிறாள். கத்தல் இல்லை, அழுகை இல்லை, நான் கேலி செய்த அந்தத் தும்மல்கூட இல்லை. சாப்பிட வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இதை எந்தக் கார்ட்டூன் இளவரசியாலும் பேசியிருக்க முடியாது. என்னால் பேசியிருக்கவே முடியாது.

"உள்ளதான் இருக்கேன்னு தெரியும். ஏன் இத்தன வருஷம் பூட்டி வெச்சே?"

என் தாளில் பதில் தயாராக இருந்தது. ‘திறந்தா, நான் யாருன்னு உனக்குத் தெரிஞ்சிடும்.’ எளிமையான வசனம். காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்ததுதான்.

"திறந்தா..." என்றேன். மேலே போக முடியவில்லை. மார்பில் யாரோ முட்டியது மாதிரி மூச்சு சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. திரையில் ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், உதடு தெரியவில்லை. அடுத்த வார்த்தை என்னவென்று எனக்கு மறந்தேபோய்விட்டது. பிறகு எங்கிருந்தோ, சின்னதாக, "நான் யாருன்னு உனக்குத் தெரிஞ்சிடும்," என்று வந்தது.

படம் நின்றது. தாளை நேராக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஸாரி தம்பி. இன்னொண்ணு போயிடலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரை செகண்டு மைக்கை நிமிர்த்தினார்.

"அரை செகண்டு லேட்டு," என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இருக்கட்டும்க்கா. இத தொட மாட்டேன்."

பத்து நாள் கழித்து, எல்லார் குரலையும் சேர்த்த பிரதியைப் போட்டுக் காட்டினார்கள். மகள் போனாள். நான் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் திரும்பி வந்தாள். நான் சமையலறையில் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவள் நேராக அவரிடம் போய் ஏதாவது சொல்லுவாள், அவர் வந்து என்னிடம் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

அவள் அவரைத் தாண்டி வந்தாள். சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். பை இன்னும் தோளில் இருந்தது. கண் சிவந்திருந்தது, ஆனால் உதட்டோரம் ஏதோ அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றாள், "இந்தத் தடவை யாரு உதைச்சா?"

கையில் இருந்த பாத்திரம் நழுவி, அடுக்கியது அத்தனையும் சரிந்து விழுந்தது.

"நீதாண்டி," என்றேன். "வேற யாரு?"